நீலமலைக்கு ஏறிய வழி

மேட்டுப்பாளையம் புகைவண்டி நிலையத்தில் காலை ஏழு மணிக்கு முன்னரே கூட்டம் நிறைந்துவிட்டது. நீலமும் வெண்மஞ்சளும் பூசிய சிறிய பெட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றின் பின்புறத்தில் கரிய எஞ்சின் ஒன்று ஆவி கக்கிக்கொண்டிருந்தது. "இழுக்க வேண்டிய எஞ்சினைப் பின்னால் கட்டியிருக்கிறார்களே!" என்று உடன் வந்த துணைவியார் வியந்தார். அது இழுப்பதற்கன்று, தள்ளுவதற்கு என்று அருகில் நின்ற முதியவர் ஒருவர் விளக்கினார். மலை ஏறுகையில் இணைப்பு அறுந்துபோனால் பெட்டிகள் பள்ளம் நோக்கி ஓடிவிடாதபடி, தாழ்ந்த பக்கத்தில் எஞ்சின் தாங்கி நிற்க வேண்டுமாம். அம்முதியவரைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

சென்ற தை மாதத்தில் நாம் தமிழகம் சென்றிருந்தோம். நம் பாட்டனார் பிறந்த சிற்றூர் அவிநாசிக்கு அருகில் இருக்கிறது. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து பார்த்தால் அடிவானத்தில் நீலச்சுவர்போல் அம்மலை தெரியும். பாட்டனார் அதைப் பார்த்து வளர்ந்தவர். ஒருமுறையேனும் ஏறியவர் அல்லர். கடல் கடந்து மலாயாவுக்கு வரத் துணிந்தவர், வாசலில் தெரிந்த மலைக்குப் போகாதது ஏன் என்று நாம் சிறுவயதில் கேட்டதுண்டு. "அது துரைமார் மலையப்பா" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வாராது. ஆகவே, உறவினரைக் கண்டபின் எஞ்சிய நாலு நாளையும் அந்தத் துரைமார் மலைக்கே கொடுப்பதென்று முடிவு செய்தோம்.

நாம் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதும் செக்ரோலில் குறி போடுவதும் நம் தொழில். செக்ரோல் இப்போது கணினிக்குள் போய்விட்டது. பெயர் கூப்பிடுவது மட்டும் மாறவில்லை. அந்தப் பழக்கத்தால், எந்தப் பெரிய வேலையைக் கண்டாலும், இதற்குப் பெரட்டில் நின்றவர் யார் என்று மனம் கேட்டுவிடுகிறது. இக்கட்டுரை நெடுகிலும் அக்கேள்வி குறுக்கிடுமாயின் நேயர்கள் பொறுத்துக்கொள்க.

நீலகிரி யாரும் அறியாமற் கிடந்ததென்றும், 1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறி அதைக் கண்டுபிடித்தார் என்றும் நாம் பயின்ற ஆங்கில நூல்கள் கூறும். அவர் ஏறியபோது தோடர் அங்கே எருமை மேய்த்துக்கொண்டிருந்தனர். படகர் உழுது பயிரிட்டனர். கோத்தர் இரும்படித்தும் மண்பாண்டம் வனைந்தும் மற்றவர்க்குக் கொடுத்தனர். குறும்பரும் இருளரும் சரிவுக் காடுகளில் வாழ்ந்தனர். அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1603-இல், பெனிசியோ என்னும் பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து ஏறித் தோடரைக் கண்டு எழுதியிருக்கிறார். புதிதாக வந்த துரை, முப்பது ஆண்டுகளாய்த் தோட்டத்தில் இருக்கும் கங்காணியைத் தாமே கண்டுபிடித்ததாகச் சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

ஆயினும் சல்லிவனை வெறும் வேட்டைக்காரத் துரையாக எண்ணுவது முறையன்று. உதகமண்டலத்தில் முதன்முதல் கல்வீடு கட்டியவரும், நீரோடையை மறித்து ஏரி அமைத்தவரும் அவரே. அதோடு, அந்நிலம் தோடருடையது, கும்பினி அவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று மேலிடத்தோடு வாதாடியவரும் அவரே. வாதம் நெடுங்காலம் நடந்தது. நிலம் கைமாறுவதும் கூடவே நடந்தது.

நிற்க. மலையில் குளிர்ச்சி உண்டென்று தெரிந்தபின் சென்னைப் பட்டணத்து வெயிலில் வாடிய வெள்ளையர் அனைவர்க்கும் அங்குப் போக ஆசை பிறந்தது. போவதெப்படி? 1834 ஜூன் மாதத்தில் சென்னையில் கப்பலிறங்கிய மெக்காலே பிரபு, உதகமண்டலத்தில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைக் காணப் புறப்பட்டார். (அப்போது அவர் பிரபு ஆகவில்லை, நம்மவர் நாவில் பழகிய பட்டம் என்பதால் அப்படியே எழுதுகிறோம்.) நானூறு மைல் வழியையும் மனிதர் தோள்மேலேயே கடந்து வந்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். மைசூர் வழியாய் வந்து, மலையும் ஏறி, பல்லக்கில் படுத்தபடி உச்சி சேர்ந்தார். வழியில் புத்தகம் படித்துக்கொண்டே வந்தாராம்! மறு ஆண்டு, 1835 பிப்ரவரியில், இந்தியர்க்கு ஆங்கிலக் கல்வி புகட்டவேண்டுமென்னும் புகழ்பெற்ற குறிப்பை எழுதியவர் இவரே. நாம் ஆங்கிலம் கற்றுக் கிராணி ஆனதற்கும் அக்குறிப்புக்கும் உறவு உண்டு. அவரைச் சுமந்தவருக்கு இருந்த உறவு தோளோடு முடிந்துவிட்டது.

நம் பினாங்குக் கொடிமலையிலும் இதே கதைதான். 1923-இல் கம்பிவட இரயில் ஓடத் தொடங்கும்வரை, பெரிய மனிதர் அங்கே டோலியில்தான் ஏறினார்கள். மலையுச்சி முருகன் கோயிலைத் தொடங்கியவர்களில் அந்த டோலி தூக்கிய நம்மவரும் உண்டென்பது பினாங்கில் வழங்கும் செய்தி.

மலைக்கு இருப்புப்பாதை போடும் யோசனை 1854-லேயே பிறந்துவிட்டது. சென்னைப் பாதை 1873-இல் மேட்டுப்பாளையம்வரை வந்து நின்றது. அதற்கு மூன்றாண்டு முன்பே, 1870 முதல், சென்னை அரசாங்கம் கோடைதோறும் கவர்னரோடும் செயலகத்தோடும் உதகைக்குக் குடிபெயரத் தொடங்கியிருந்தது. கோப்புக் கட்டுகள் எல்லாம் மாட்டு வண்டியில் மலை ஏறின. ஆண்டில் பாதி நாள் ஆட்சி மேகத்துக்குள்ளிருந்து நடந்தது. ஒரு மாகாணத்தின் ஆட்சியே ஏறி இறங்கும் மலைக்கு இரயில் இன்றியமையாததாகிவிட்டது. ஆனால் சாதாரண இரயில் சக்கரம் அச்சரிவில் ஏறாது. வழுவழுத்த இரும்பின்மேல் வழுவழுத்த இரும்பு, பிடிப்பில்லை, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

இதற்கு வழி கண்டிருந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு ரிக்கன்பாக். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஏணிபோன்ற பல்பாதை ஒன்றைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதில் ஒவ்வொரு படியாய்க் கடித்து ஏறும்படி செய்து, 1871-இல் தம் நாட்டு ரிகி மலைமேல் வண்டி ஓட்டிக் காட்டினார். (அமெரிக்காவில் வாஷிங்டன் மலைமேல் இத்தகைய வண்டி 1869-லேயே ஏறிவிட்டது.) 1882-இல் ரிக்கன்பாக் நீலகிரிக்கே வந்து பார்த்துச் செலவுக் கணக்கும் கொடுத்தார். 1885-இல் ஒரு கம்பெனி தோன்றியது. 1891 ஆகஸ்டில் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண் வெட்டினார். முதல் மண்ணை மட்டும் என்று கொள்க. பணமுடையால் 1894-இல் கம்பெனி முறிந்தது. புதுக் கம்பெனி 1896-இல் அதை வாங்கி, 1899 ஜூனில் குன்னூர்வரை வண்டி விட்டது. சர்க்கார் 1903-இல் பாதையை வாங்கிக்கொண்டது. 1908-இல் வண்டி உதகமண்டலம் சேர்ந்தது. யோசனை பிறந்து உச்சி சேர 54 ஆண்டுகள்.

முடிவில் இங்குப் பதித்தது ரிக்கன்பாக்கின் ஏணி அன்று. அவரிடம் பணிபுரிந்த ரோமன் அப்ட் என்பார் அதனினும் சிறந்த ஒன்றைக் கண்டார். ஒரு ஏணிக்குப் பதிலாகப் பல்வெட்டிய பட்டைகள் இரண்டை அருகருகே நிறுத்தி, ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் பள்ளம் அமையுமாறு சற்றே தள்ளிப் பொருத்தினார். ஒரு சக்கரம் ஒரு பல்லை விடும் நேரத்தில் மற்றது இன்னொன்றைக் கடித்துக்கொண்டிருக்கும். ஆகையால் குலுக்கல் குறைவு, நழுவுதற்கு இடமில்லை. கொடிமலை இரயிலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிடுவோம். அங்கே வண்டியைக் கம்பிவடம் மேலிருந்து இழுக்கிறது; வண்டிக்குத் தன் முயற்சி இல்லை. இங்கே எஞ்சின் தன் பல்லால் தானே ஏறுகிறது.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,070 அடி. உதகமண்டல நிலையம் சுமார் 7,230 அடி. இடையே இருபத்தெட்டரை மைல். முதல் ஐந்து மைல் பாக்குத் தோப்புகளின் நடுவே சமதரையில் ஓடி, கல்லாறு நிலையத்தில் வண்டி நிற்கிறது. அதன்பின் பல்பாதை தொடங்குகிறது. பற்சக்கரம் முதல் பல்லில் விழும்போது பெட்டி முழுவதும் ஒருமுறை அதிர்ந்தது. பிறகு எஞ்சினின் ஓசையே மாறிவிட்டது. பன்னிரண்டரை அடி போனால் ஒரு அடி ஏற்றம். மணிக்கு ஏழெட்டு மைல் வேகம். சைக்கிள்காரன் சமதரையில் முந்திவிடுவான். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்குக்காரர் கொடியோடு நிற்கிறார். வளைவில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பாதை தெரியாதாகையால் அவர்களே அவருக்குக் கண். 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். குகை வரும்போதெல்லாம் பெட்டியிலுள்ள பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். ஐந்தாவது குகையில் நாமும் கூச்சலிட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

குகைச்சுவரை உற்றுப் பார்த்தால் உளித் தழும்புகள் தெரிகின்றன. கல்லாற்றுச் சரிவு அக்காலத்தில் கொடிய மலைக்காய்ச்சல் பூமி. அங்கே கூடாரமடித்துப் பாறை உடைத்தவரும் மண் சுமந்தவரும் சமவெளியிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். இப்பாதை பற்றி நாம் வாசித்த நூல்களில் கவர்னர் பெயர் உண்டு. பொறியாளர் பெயர் உண்டு. கம்பெனி முறிந்த ஆண்டு உண்டு. பெரட்டில் நின்றவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்க, நாம் தேநீர் குடித்தோம். குரங்குகள் நம் துணைவியாரின் கையிலிருந்த வடையைக் கொண்டுபோயின. அங்கேதான் முதியவர் தம்மைப் பற்றிச் சொன்னார். அவர் திருச்சி பொன்மலை இரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரனுக்கு எஞ்சின் காட்ட வந்திருக்கிறார். இம்மலைக்குரிய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் செய்து வந்தவை; கடைசியாக வந்தது 1952-இல். அதற்குப்பின் அவ்வகை எஞ்சினை அங்கே செய்யவில்லை. உடைந்த உறுப்பை எல்லாம் நம்மவரே வார்த்தும் கடைந்தும் பொருத்த வேண்டியதாயிற்று. நான்கு சிலிண்டர்கள், இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பற்சக்கரத்துக்கு. முதல் இரண்டில் வேலை செய்து களைத்த ஆவியையே மற்ற இரண்டிலும் மறுபடி வேலை வாங்கும் அமைப்பு. "நம்ம ஆள்களை வேலை வாங்குற மாதிரியேதான் தம்பி" என்று சிரித்தார். 2011-இல் தொடங்கி, இத்தகைய புது எஞ்சின்களையே முழுவதும் பொன்மலையில் செய்து மலையேற்றினார்கள். அவற்றுள் ஒன்றில் அவர் கையும் பட்டிருக்கிறது.

பொன்மலைப் பட்டறையின் பெயர் இப்பத்திரிகையின் பழைய வாசகர் குடும்பங்களுக்குப் புதிதன்று. நாகப்பட்டினத்திலிருந்து அங்குப் பட்டறை மாறிய 1928-இல், ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய இரயில்வே தொழிலாளர் செய்த வேலைநிறுத்தத்திற்காகத்தான் சிங்காரவேலர் சிறை சென்றார். 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் அதே பொன்மலையில் தொழிலாளர் ஐவர் துப்பாக்கிக்கு இரையாயினர்.

நாம் குறிப்பேட்டை எடுத்து முதியவரின் பெயரைக் கேட்டோம். எதற்கென்றார். எங்கள் நாட்டுப் பத்திரிகையில் எழுத என்றோம். சற்று யோசித்து, "வேண்டாம் தம்பி. நான் ஒருத்தனா செஞ்சேன்? போட்டால் எல்லார் பேரையும் போடணும். எனக்கே பாதிப் பேர் மறந்துபோச்சு" என்றார். பேரன் அவர் சட்டையை இழுத்தான். எஞ்சின் ஊதியது, ஏறிக்கொண்டோம்.

அடுத்து ரன்னிமேடு. 1215-இல் இங்கிலாந்து மன்னன் தன் பிரபுக்களுக்கு உரிமைச் சாசனம் எழுதிக்கொடுத்த இடத்தின் பெயர் இது. பெயரைக் கொண்டுவந்து இம்மலையில் வைத்தார்கள். சாசனத்தை ஊரிலேயே வைத்துவிட்டார்கள். குன்னூரில் பல்பாதை முடிகிறது. ஆவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள். வெலிங்டன், அரவங்காடு கடந்து கேத்திப் பள்ளத்தாக்கு விரிந்தபோது பெட்டியில் பேச்சு நின்றது. 'மூன்றாம் பிறை' படத்தின் (1982) முடிவைக் கண்டு அழுதவர் அனைவரும் கேத்தி நிலையத்தைத் தெரிந்தவரே; நம் துணைவியார் அங்கே மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புறப்பட்டு ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் உதகை சேர்ந்தோம். இதே பாதையில் 2009 நவம்பர் மழையின்போது மண்சரிவு ஏற்பட்டு, மாதக்கணக்கில் வண்டி ஓடவில்லை. 2005-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பட்டயம் அளித்தவர்கள் சரியாகவே அளித்தார்கள். பட்டயத்தால் மண் சரியாமல் இருப்பதில்லை. அதற்குச் சம்மட்டியோடு பாதை நெடுக நடக்கும் ஆள் வேண்டும்.

மறுநாள் விடியலில் தொட்டபெட்டா ஏறினோம். படகர் மொழியில் 'பெரிய மலை' என்பதே அப்பெயருக்குப் பொருள். 8,650 அடி, நீலகிரியில் அதற்கு மேல் இடமில்லை. கார் உச்சிவரை போகிறது. ஏறினோம் என்பது பேச்சுக்குத்தான். புல்லின்மேல் உறைபனி வெண்மணல்போல் கிடந்தது. செம்பனைத் தோட்டத்து வெக்கையில் பிறந்து வளர்ந்த நமக்குப் பல் கிட்டியது. 1847, 1848-ஆம் ஆண்டுகளிலேயே இவ்வுச்சியில் வானிலைக் கூடம் அமைத்து வெப்பமும் காற்றும் மழையும் அளந்து, அக்கணக்கை அச்சிட்டும் வைத்திருக்கிறார்கள். பனி விலகியபோது கிழக்கே சமவெளி தெரிந்தது. பாட்டனார் ஊர் அத்திசையில் எங்கோ இருந்தது. அங்கிருந்து மலை தெரிந்ததே, இங்கிருந்து ஊர் தெரியுமா என்று நெடுநேரம் பார்த்தோம். தெரியவில்லை.

நம்மை அவ்வுச்சியில் அதிகம் நிறுத்தியது காட்சியன்று. கீழே சரிவில் நின்ற சில மரங்கள். 1860-இல் மார்க்கம் என்பார் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிங்கோனா விதையையும் கன்றையும் மக்கைவர் என்னும் தோட்டக்கலைஞர் இச்சரிவிலும், கூடலூர் வழியிலுள்ள நடுவட்டத்திலும் பயிராக்கினார். அம்மரத்தின் பட்டையிலிருந்துதான் கொயினா வடிக்கிறார்கள். நம் பாட்டனார் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் பெரட்டு முடிந்தவுடன் வரிசையாக நிறுத்தி ஊற்றிய கசப்பு மருந்தின் பிறப்பிடங்களில் இம்மலையும் ஒன்று. அந்தக் கசப்பைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் கோணும். துரைமார் மலையின் மரந்தான் தம்மைக் காய்ச்சலிலிருந்து காத்த மருந்தின் மரம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னும் ஒரு செய்தி உண்டு; அதைத்தான் நம் நாட்டு நேயர்களுக்குச் சொல்ல வேண்டுமென்று பேனா எடுத்தோம். சிங்கோனாத் தோட்டங்களில் காடு வெட்டவும் குழி பறிக்கவும் ஆள் போதவில்லை. அதே காலத்தில் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றத்துச் சிறைகளில் இடம் போதவில்லை. அங்கிருந்து சீனக் கைதிகளைச் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பினர். சென்னை அவர்களை நீலகிரிக்கு ஏற்றியது. நடுவட்டத்தில் சிறை எழுந்தது. பகலில் சிங்கோனாக் காட்டில் வேலை, இரவில் பூட்டு. ஆனால் அதற்கு முன்பிருந்தே, 1790-களிலிருந்து, சென்னையும் வங்காளமும் தத்தம் கைதிகளைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தன! சிங்கப்பூரின் பழைய சாலைகளும், 1862-இல் அருட்பொழிவு பெற்ற செயின்ட் அண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் கைவேலை. இக்கரையில் ஆள் வேண்டுமென்று அக்கரைக் கைதி. அக்கரையில் ஆள் வேண்டுமென்று இக்கரைக் கைதி. சரக்கை இப்படிக் கப்பலில் மாற்றிக்கொண்டால் வியாபாரம் என்போம்.

கைதிகள் அனைவரும் குற்றமற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. 1868 ஜூலையில் புயலடித்த ஓரிரவில் சீனர் பன்னிருவர் தப்பினர். பதினைந்து நாள் கழித்து மலையாளக் கரையில் பிடிபட்டனர். அவர்களைத் தேடிப்போன காவலர் நால்வரின் உடல்கள் பிறகு காட்டில் கண்டெடுக்கப்பட்டன. அந்நால்வரும் கூலிக்குப் போன ஏழைகளே.

தண்டனை முடிந்த சீனர் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே சரிவில் குடிசை போட்டுத் தங்கிவிட்டனர். மலைத் தோட்டங்களுக்குக் கூலியாய் ஏறிவந்த தமிழ்ப் பெண்களை மணந்தனர். ஊரார் தீண்டாதவரென்று ஒதுக்கிவைத்த குலத்துப் பெண்கள் அவர்கள். கடல் தாண்டி வந்த கைதிக்குத் தொடுவதில் தயக்கமில்லை. இருவரும் சேர்ந்து காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டுப் பிள்ளைகளை வளர்த்தனர். சென்னைக் காட்சிச்சாலைத் தலைவர் எட்கர் தர்ஸ்டன் அவர்களைக் கண்டு எழுதினார்; 1909-இல் வெளிவந்த தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தம் பெருநூலிலும் சேர்த்தார். குடும்பத் தலைவரான சீனருக்கு ஒரே ஒரு மனக்குறைதான் இருந்ததாம்: கிறித்தவரானபோது தம் சடையை வெட்டிவிட்டார்கள் என்பது. அந்த நூலை நாம் தேடி வாசித்தோம். தந்தை, தமிழ்த்தாய், மகள், மகன்கள் ஆகிய அத்தனை பேருடைய தலையின் நீள அகலமும் மூக்கின் நீள அகலமும் அட்டவணையாக இருக்கின்றன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சீனர், தமிழ்ப் பறைச்சி, சிறுமி, சிறுவன் என்றும் அவரவர் வயதும் போட்டிருக்கிறது.

உச்சியிலிருந்து இறங்கும் வழியில் தேயிலைக் கடையொன்றில் காரை நிறுத்தினோம். நடுவட்டம் எவ்வளவு தூரம் என்று கேட்டோம். இருபது மைல் இருக்கும், ஆனால் அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லையே என்றார் கடைக்காரர். சரி, போய்வருகிறோம் என்றோம்.